இரண்டாவது குழந்தை வரும் ஆண்டு: வீட்டையும் மூத்த குழந்தையையும் தயார்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

என் இரண்டாவது குழந்தை பிறந்தபோது மூத்தவளுக்கு இரண்டே முக்கால் வயது. பால், தூக்கம், தடுப்பூசி என்று பிறந்த குழந்தைக்கு வேண்டிய எல்லாம் எனக்கு நினைவிருந்தது. மூத்தவளைப் பற்றித்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். குழந்தையோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளைத் தனிக் கட்டிலுக்கு மாற்றினேன். அடுத்த ஐந்து வாரம் ஒவ்வொரு இரவும் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

அதன் பிறகு தங்கை, நாத்தனார், இரண்டு தோழிகள் என்று பல வீடுகளில் இந்தக் காலத்தில் கூட இருந்து உதவியிருக்கிறேன். அங்கேயும் யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை. எதை முன்னால் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில்தான் தடுமாறினார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆண்டு என்று நான் கணக்கில் எடுப்பது பிறப்புக்கு 4 மாதம் முன்பிலிருந்து 8 மாதம் பின்பு வரை. 8 மாதம் வரை போவதற்குக் காரணம் இருக்கிறது. சின்னவர் தவழ ஆரம்பிக்கும்போது வீட்டில் இரண்டாவது முறை எல்லாம் கலையும். பலர் அதை எதிர்பார்ப்பதே இல்லை. தத்தெடுப்பின் வழியாகக் குழந்தை வருகிறது என்றால் நாள் முன்பின் ஆகலாம், வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளில் மூத்த குழந்தையின் ஒரு நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறது, பல் தேய்த்துவிடுவது யார், எந்தத் தட்டில் சாப்பிடுகிறது, தூங்கும் முன் என்ன வேண்டும், எந்தப் பொம்மை இல்லாமல் தூங்காது என்பது வரை. உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போது வேறொருவர் இந்த நாளை நடத்த வேண்டும். நள்ளிரவில் போனில் கேட்டுச் சொல்ல முடியாது.

அடுத்து அந்தத் தாளிலேயே, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதை இப்போது செய்பவரின் பெயரை எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே பெயர் வரிசையாக வரும். அந்த நபர் குழந்தையைப் பெறப்போகும் தாயாக இருந்தால் உங்களுடைய முதல் வேலை எது என்று இப்போதே தெரிந்துவிட்டது. அதில் பாதியையாவது இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். அதற்கு 4 மாதம் இருக்கிறது.

மூன்றாவதாக, அழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடிய மூன்று பேரின் பெயர். ஒருவர் போதாது. பிரசவ வலி யாருடைய வசதியையும் பார்த்து வருவதில்லை.

2. மூத்த குழந்தையின் மாற்றங்களை முன்னால் முடியுங்கள், அல்லது நன்றாகத் தள்ளிப்போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதிய கட்டில், புதிய அறை, கழிப்பறைப் பழக்கம், பால் மறக்கடிப்பது, பள்ளியில் சேர்ப்பது, தூங்கவைப்பவர் மாறுவது. இவை ஒவ்வொன்றும் சின்னக் குழந்தைக்குப் பெரிய விஷயம். தனியாக வந்தால் சமாளித்துவிடும். குழந்தை வரும் அதே வாரத்தில் வந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். “பாப்பா வந்தது, என் கட்டில் போனது” என்பதுதான் அதற்குப் புரியும். அது தப்பான புரிதல் என்றும் சொல்ல முடியாது.

அதனால் பிறப்புக்குக் குறைந்தது 2 முதல் 3 மாதம் முன்பே கட்டில், அறை மாற்றங்களை முடித்துவிடுங்கள். பழைய கட்டில் சில வாரம் காலியாகவே இருக்கட்டும். மூத்த குழந்தை அதை மறந்த பிறகு, துணி மாற்றி, வேறு இடத்தில் போட்டுச் சின்னவருக்குத் தயார் செய்யலாம்.

கழிப்பறைப் பழக்கத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு பேருக்கு டயப்பர் மாற்ற வேண்டுமே என்ற பயம். எட்டாம் மாதத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழாம் மாதத்துக்குள் பழகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குழந்தை பிறந்து 3 மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு டயப்பர் மாற்றுவது, பழகிய குழந்தை மறுபடியும் ஈரம் செய்வதைவிட எளிது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தூங்கவைப்பவரை மாற்றுவது இவற்றில் மிக மெதுவாக நடக்க வேண்டியது. முதல் இரண்டு வாரம் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தூங்கவைக்கட்டும். அடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்பா. அப்புறம் வாரத்தில் ஐந்து நாள் அப்பா. இதற்கு ஆறு வாரம் ஆனால் பரவாயில்லை. பிரசவத்தன்று இரவு அப்பாவும் மருத்துவமனையில் இருப்பார் என்றால், அன்று கூட இருக்கப்போகும் பாட்டியோ சித்தியோ அதற்கு முன் நான்கைந்து இரவாவது தூங்கவைத்துப் பழகியிருக்க வேண்டும்.

3. செய்தியைச் சொல்லும் நேரம்

குழந்தைக்கு ஐந்து வயதுக்கு மேல் என்றால், வெளியாட்களுக்குச் சொல்லும் முன் அதற்குச் சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாயிலிருந்து கேட்டால் மனம் சுருங்கிப்போகும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு சொன்னால் போதும். அந்த வயதில் ஆறு மாதம் என்பதற்கு அர்த்தமே கிடையாது. சீக்கிரம் சொன்னால் தினமும் காலையில் “இன்றைக்கு வருமா?” என்ற கேள்விதான் வரும். மாதக் கணக்கைவிட, குழந்தைக்குத் தெரிந்த ஒரு நாளோடு சேர்த்துச் சொல்வது நல்லது. உதாரணமாக, “உன் பிறந்தநாள் முடிந்து கொஞ்ச நாளில்.”

ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம். அந்த வயதில் இரண்டாம் பகுதியில் சொன்ன பழக்க மாற்றங்கள்தான் உண்மையான தயாரிப்பு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, “உன்னோடு விளையாட ஒரு பாப்பா வருகிறது” என்று சொல்வது. வருவது விளையாடாது. பல மாதம் அழும், தூங்கும், பால் குடிக்கும். ஏமாந்த குழந்தை கோபப்படும். உள்ளதைச் சொல்லுங்கள்: “பாப்பா நிறைய அழும். அதற்குப் பேசத் தெரியாது, அழுதுதான் சொல்லும். அம்மா அடிக்கடி பால் கொடுக்க வேண்டியிருக்கும். நீயும் சின்னதில் அப்படித்தான் இருந்தாய்.” அதோடு மூத்த குழந்தை பிறந்த புதிதில் எடுத்த படங்களைக் காட்டுங்கள். எல்லோரும் தன்னைத் தூக்கிக் கொஞ்சும் படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு, இது தனக்கும் நடந்தது என்று தெரியும்.

வயிற்றில் இருப்பவரை ஒரு ஆளாகவே பேசுவது பின்னால் உதவுகிறது. கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். புதுக் குழந்தைக்கு என்ன வேண்டும், அதற்கு எப்படி இருக்கும் என்று அம்மா மூத்த குழந்தையிடம் முதலிலிருந்தே பேசிய வீடுகளில், இருவரும் பின்னாளில் அதிக நட்போடு இருந்ததைக் கண்டார்கள். “ஏன் அழுகிறது என்று நினைக்கிறாய்?” என்று மூத்த குழந்தையைக் கேட்பது அந்த வகைதான். செலவே இல்லாத வேலை இது.

4. உதவிக்கு வருபவரும் வீட்டுக்குப் புதியவர்தான்

அந்த ஆண்டில் வீட்டுக்கு வருவது குழந்தை மட்டும் இல்லை. பாட்டியோ, அத்தையோ, சம்பளத்துக்கு உதவியாளரோ வந்து சில மாதம் தங்குவார்கள். அவருக்கும் தூங்க இடம், தனியாக இருக்க நேரம், தெளிவான வேலை மூன்றும் வேண்டும்.

பிரசவத் தேதிக்கு 2 முதல் 3 வாரம் முன்பே அவரை வரவழையுங்கள். பலர் குழந்தை பிறந்த செய்தி கேட்டுக் கிளம்பி வருகிறார்கள். அப்போது மூத்த குழந்தை ஒரே வாரத்தில் இரண்டு புது ஆட்களுக்குப் பழக வேண்டியதாகிவிடும்.

வேலைப் பிரிவை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். நான் என் அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: “அம்மா, பாப்பாவுக்கு நான் இருக்கிறேன். நீ சமையலைப் பார்த்துக்கொள், சாயங்காலம் பெரியவளோடு இரு. பாப்பா அழுதால் நீ ஓடி வராதே, நானே கூப்பிடுகிறேன்.” அவளுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான், பேரனைத் தூக்க வந்தவள் அல்லவா. தினமும் குளித்து முடித்த பிறகு ஒரு மணி நேரம் குழந்தை அவள் மடியில் என்று ஏற்பாடு செய்தோம், சரியாகிவிட்டது. உதவிக்கு வந்தவர் குழந்தையை வைத்துக்கொள்ள, பெற்றவள் அடுப்படியில் நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பேசி வைக்காததால் வருவது அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூத்த குழந்தையை முழுவதுமாகப் பாட்டியிடம் விட்டுவிட வேண்டாம். முதல் வாரத்தில் அம்மாவை இழந்ததுபோல் உணர்ந்த குழந்தை, மூன்று மாதம் கழித்துப் பாட்டி கிளம்பும்போது அவரையும் இழக்கும்.

5. உடல்நலம்: பிறப்புக்கு முன்பே முடிக்க வேண்டியவை

மூத்த குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டது இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி வழக்கமாக 9 முதல் 12 மாத வயதில்தான் தொடங்கும் என்பதால், சின்னவருக்கு அதுவரை பாதுகாப்பு சுற்றியிருப்பவர்கள்தான்.

கக்குவான் இருமல் பிறந்த குழந்தைக்கு உயிராபத்தானது. பல நாடுகளில் இதற்கான ஊசியைக் கர்ப்ப காலத்திலேயே தாய்க்குப் போடுகிறார்கள். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் பிறக்கும் முன்பே குழந்தைக்குப் போய்ச் சேரும். மருத்துவரிடம் கேளுங்கள். உதவிக்கு வருபவருக்கும் இந்த ஊசி தேவைப்பட்டால், குழந்தையைத் தொடும் நாளுக்கு 2 வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டும், அது வேலை செய்ய அவ்வளவு நாள் ஆகும்.

மூத்த குழந்தைக்குக் கை கழுவும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு 20 வினாடி. பாப்பா வந்த பிறகு தொடங்கினால் அதுவும் “பாப்பாவால் வந்த தொல்லை” பட்டியலில் சேரும். கூடவே, பாப்பாவைப் பாதத்தில் தொடலாம், முகத்தில் முத்தம் வேண்டாம் என்று பொம்மையை வைத்துப் பழக்குங்கள். சளி பெரும்பாலும் பள்ளியிலிருந்து மூத்தவர் வழியாகத்தான் வரும். உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ள பெரியவர்களும் முத்தம் கொடுக்கக் கூடாது.

6. பிரசவ நாளுக்கான திட்டம்

வலி பகலில் வந்தால் யார், இரவில் வந்தால் யார், மூத்த குழந்தை பள்ளியில் இருக்கும்போது வந்தால் யார் என்று மூன்று பதில் தயாராக இருக்கட்டும். பள்ளியிலிருந்து அழைத்துவருபவரின் பெயர் அங்கே முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

குழந்தை தூங்கும்போது சொல்லாமல் போவதா என்று பலர் கேட்பார்கள். எழுப்ப வேண்டாம். ஆனால் அதற்கு முன் பல முறை சொல்லி வைத்திருங்கள்: “ஒரு நாள் நீ எழும்போது அம்மா இருக்க மாட்டேன். பாட்டி இருப்பாள். பாப்பாவைப் பெற்றுக்கொண்டு அம்மா வருவேன்.” நன்றாகத் தெரிந்த விஷயம் நடந்தால் பயம் பாதியாகும்.

மருத்துவமனைப் பையில் உங்கள் பொருட்களோடு மூத்த குழந்தையின் படம் ஒன்றை வையுங்கள். பார்க்க வரும்போது தன் படம் அம்மாவின் பக்கத்தில் இருப்பதை அது கட்டாயம் கவனிக்கும்.

7. முதல் சந்திப்பு

மூத்த குழந்தை அறைக்குள் வரும்போது அம்மாவின் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். குழந்தை தொட்டிலிலோ அப்பாவின் கையிலோ இருக்கலாம். முதலில் மூத்தவரை அணைத்துக்கொள்ளுங்கள். பாப்பா எங்கே என்று அதுவே கேட்கும்வரை காத்திருங்கள். கேட்காமல் போனாலும் தவறில்லை, என் மகள் கட்டிலின் பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

படம் எடுக்க அவசரப்படுத்த வேண்டாம். “முத்தம் கொடு, சிரி, மடியில் வைத்துக்கொள்” என்று நான்கு பெரியவர்கள் சேர்ந்து சொன்னால் எந்தக் குழந்தையும் முறுக்கிக்கொள்ளும்.

பாப்பா கொண்டுவந்த பரிசு என்று ஒரு பொம்மை கொடுப்பதைப் பலர் செய்கிறார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை “அது எப்படி வாங்கியது?” என்று கேட்கும். நான் கொடுத்தால் அம்மா அப்பா கொடுத்தது என்றே சொல்வேன்.

8. முதல் இரண்டு வாரம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்றால்கூட ஒரு நாளில் ஐந்து மணி நேரம் உங்கள் மடியும் கையும் வேலையாக இருக்கும். மூத்த குழந்தையின் பெரும்பாலான கோபமும் விபத்தும் இந்த ஐந்து மணி நேரத்தில்தான் நடக்கும்.

அதற்கு ஒரு கூடை தயார் செய்யுங்கள். பால் கொடுக்கும்போது மட்டும் வெளியே வரும் கூடை. படப்புத்தகம், வண்ணக் குச்சி, புதிர் அட்டை, சின்ன டப்பாவில் தின்பண்டம். வேறு நேரத்தில் அது அலமாரியின் மேலே. பால் நேரத்தில் மூத்தவருக்கும் ஏதோ கிடைக்கிறது என்று ஆகிவிட்டால் அந்த நேரம் பகையாக இருக்காது. உட்காரும் முன் மூத்தவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். பால் கொடுக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் “அம்மா, அவசரம்” என்று வரும்.

பால் போதுகிறதா என்ற கவலை இரண்டாவது முறையும் வரும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் 6 டயப்பராவது ஈரமாகிறதா என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நினைவில் வைக்க முடியாது, சுவரில் தாள் ஒட்டிக் கோடு போடுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சிசேரியன் என்றால், பிறந்த குழந்தையைவிட எடை கூடிய எதையும் 6 வாரம் போலத் தூக்க வேண்டாம் என்பார்கள். அதாவது மூத்த குழந்தையைத் தூக்க முடியாது. இதை முன்கூட்டியே யாரும் நினைப்பதில்லை. பிறப்புக்கு முன்பே “நான் உட்காருகிறேன், நீ ஏறி மடிக்கு வா” என்ற விளையாட்டைப் பழக்குங்கள். பிறகு “அம்மாவால் தூக்க முடியவில்லை” என்பது புதுச் செய்தியாக இருக்காது. காரணமாகப் பாப்பாவைச் சொல்லாமல், “அம்மா வயிற்றில் புண் ஆறுகிறது” என்று சொல்லுங்கள்.

பார்க்க வருபவர்கள் வாசலிலேயே மூத்த குழந்தையிடம் பேச வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாப்பாவைக் காட்டும் பொறுப்பை மூத்தவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

9. இரவு

இரண்டு குழந்தை உள்ள வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரே அழுகைக்கு எழுவது வீண். நேரத்தைப் பிரியுங்கள். ஒருவர் இரவு 9 முதல் 2 வரை, இன்னொருவர் 2 முதல் காலை 7 வரை. தாய்ப்பால் என்றால் அம்மா எழுந்துதான் ஆக வேண்டும், ஆனால் டயப்பர் மாற்றுவது, ஏப்பம் எடுப்பது, திரும்பத் தூங்கவைப்பது மற்றவருடையது. மூத்த குழந்தை எழுந்தால் எப்போதும் ஒரே ஆள் போக வேண்டும். ஆள் மாறினால் அது வேண்டிய ஆள் வரும்வரை அழும்.

சின்னவரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். உறுதியான, சமமான மெத்தை. தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம். முதல் 6 மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில். மூத்த குழந்தையோடு ஒரே கட்டிலில் படுக்கவைக்க வேண்டாம். தூக்கத்தில் அது மேலே உருண்டுவிடும். மூத்தவர் பாசத்தில் தன் பொம்மையைத் தொட்டிலில் வைப்பார், திட்டாமல் எடுத்துத் தொட்டிலுக்கு வெளியே, பாப்பாவைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். அசதியில் சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி தூங்கிவிடுவது மிக ஆபத்தானது. கண் செருகினால் மற்றவரை எழுப்புங்கள்.

அழுகை நாளுக்கு நாள் கூடி ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குறையும். உதவிக்கு வந்தவர் கிளம்பும் நாளை ஆறாவது வாரத்தில் வைக்காதீர்கள்.

10. மூத்த குழந்தை பின்னால் போகும்போது

நடந்த குழந்தை தூக்கச் சொல்லும். தெளிவாகப் பேசிய குழந்தை மழலையில் பேசும். ஈரம் செய்யும், புட்டியில் பால் கேட்கும். சில குழந்தைகள் முதல் மாதம் தேனாக இருந்துவிட்டு மூன்றாம் மாதம் தொடங்குவார்கள். பாப்பா திரும்பிப் போகப்போவதில்லை என்று அப்போதுதான் புரியும்.

இது சில வாரத்திலிருந்து சில மாதம் வரை இருக்கும். “பெரிய பிள்ளை ஆகிவிட்டாய், இப்படிச் செய்யலாமா?” என்று கேட்பதுதான் நான் எல்லா வீட்டிலும் கேட்ட வாசகம். இப்படிக் கேட்பதால் அது நிற்பதில்லை. குழந்தையின் கண்ணில், சின்னதாக இருப்பவருக்கு எல்லாம் கிடைக்கிறது, பெரியதாக இருப்பவருக்குக் குறைகிறது. பெரியவளாக இருக்க ஏன் ஆசை வரும்? புட்டி கேட்டால் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். பாப்பா மாதிரித் தூக்கச் சொன்னால் மடியில் போட்டு இரண்டு நிமிடம் தாலாட்டுங்கள். கிடைக்கும் என்று தெரிந்தால் கேட்பது மெல்லக் குறையும்.

தினமும் 10 நிமிடம் மூத்தவரோடு தனியாக. ஒரே நேரம், ஒரே பெயர். எங்கள் வீட்டில் அது “நம்ம நேரம்”. போன் வேறு அறையில். என்ன விளையாட்டு என்பதை அது முடிவு செய்யும். மணி அடித்ததும் முடியும், நாளையும் உண்டு என்று சொல்லி முடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெளியே அழைத்துப்போவதைவிட இது வேலை செய்கிறது. நாளைக்கும் கிடைக்கும் என்பதில்தான் குழந்தை தெம்பு பெறுகிறது.

பாப்பாவைக் காரணமாகச் சொல்லும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். “சத்தம் போடாதே, பாப்பா தூங்குகிறது”, “இப்போ வர முடியாது, பாப்பா பால் குடிக்கிறது.” ஒரு நாள் நான் எண்ணினேன், மதியத்துக்குள் பதினாறு. “என் கை வேலையாக இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன்” என்றால் அதே செய்திதான், ஆனால் குற்றவாளி இல்லை. அப்புறம், மூத்தவர் காதில் விழும்படி சின்னவரிடமும் சொல்லுங்கள்: “பாப்பா, கொஞ்சம் பொறு, அக்காவுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வருகிறேன்.” பாப்பாவுக்கு ஒன்றும் புரியாது. அக்காவுக்குப் புரியும்.

அடித்தால்? கையைப் பிடித்து நிறுத்துங்கள். “அடிக்க விட மாட்டேன். கோபமாக இருக்கிறாய், தெரிகிறது.” அவ்வளவு போதும். பாப்பாவை வெறுக்கிறேன் என்று சொன்னால் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். வாயால் சொல்ல முடிந்த குழந்தைக்குக் கை நீளும் தேவை குறையும். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் கைக்குழந்தையையும் ஒரே அறையில் தனியாக விட வேண்டாம், எவ்வளவு பாசமாக இருந்தாலும். தூக்க முயன்று கீழே போடுவது பெரும்பாலும் பாசத்தில்தான்.

11. பெற்றவர்களின் மனநிலை

மூன்றாம் நாள் வாக்கில் காரணம் இல்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தணியும். மூத்த குழந்தையைக் கைவிட்டதுபோன்ற குற்ற உணர்வும் அதில் கலந்திருக்கும். எனக்கு முதல் பிரசவத்தில் இல்லாத அழுகை இது.

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு, தூங்க வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட எளிய படிவம் 1987 முதல் இருக்கிறது, கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவிக்குப் போக வேண்டும்.

12. மூன்று முதல் ஆறு மாதம்

கொஞ்சம் மூச்சு விடும் காலம். முதல் பகுதியில் எழுதிய தாளை எடுத்துத் திரும்ப எழுதுங்கள், பழைய ஏற்பாடு இனிப் பொருந்தாது. தள்ளிப்போட்ட கழிப்பறைப் பழக்கம், பள்ளி ஆகியவற்றில் ஒன்றை, ஒன்றை மட்டும், இப்போது தொடங்கலாம்.

உதவிக்கு வந்தவர் கிளம்புவதும் இங்கேதான் வரும். ஒரேயடியாகப் போகாமல், இரண்டு நாள் போய்வந்து, பிறகு ஒரு வாரம் போய்வந்து கிளம்பட்டும். போன பிறகு வாரத்தில் ஒரே நாளில் ஒரே நேரத்தில் மூத்த குழந்தையோடு போனில் பேசட்டும்.

13. சின்னவர் தவழும்போது

7 முதல் 10 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் தவழும். அதுவரை மூத்தவர் அடுக்கிய கட்டடம் பத்திரமாக இருந்தது. இப்போது அதை இடித்துவிட்டுச் சிரிக்கும் ஒருவர் வந்துவிட்டார். உண்மையான சண்டை இப்போதுதான் தொடங்கும்.

ஆறாம் மாதத்திலேயே, சின்னவருக்கு எட்டாத ஓர் இடத்தை மூத்தவருக்குக் கொடுங்கள். ஒரு மேசையோ, தடுப்புக்குள் ஒரு மூலையோ. அங்கே இருப்பதைப் பாப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. தனக்கென்று ஒன்று உறுதியாக இருந்தால் மற்றதைப் பகிர்வது எளிதாகிறது. சின்னவர் பிடுங்கும்போது “அது குழந்தை, விட்டுக்கொடு” என்பதைவிட, “அதற்கு மாற்றாக ஒன்று கொடுத்துப் பார்” என்று வழி சொல்லிக்கொடுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

மூத்தவரின் பொம்மைகள்தான் இப்போது பெரிய ஆபத்து. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் எதுவும் சின்னவர் கைக்குக் கிடைக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மைகளில் மூடி திருகால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி 2 மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னக் காந்தங்கள் இரண்டு விழுங்கினால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். அவற்றை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். குளியலறை வாளியில் சில அங்குலத் தண்ணீர்கூட வேண்டாம், மூத்தவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவார்.

இந்தச் சோதனையை மூத்தவரோடு சேர்ந்து செய்யுங்கள். குழாயை அதன் கையில் கொடுத்து, தரையில் உட்கார்ந்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நுழைந்தால் மேலே உள்ள மேசைக்கு, நுழையாவிட்டால் கீழே உள்ள கூடைக்கு. என் மகள் அன்று பிரித்ததை அதற்குப் பிறகு அவளே காவல் காத்தாள். தம்பி வாயில் ஏதாவது தெரிந்தால் முதலில் கூப்பிட்டது அவள்தான்.